ஒரு சுற்றுக்கு 91 விநாடி

தமிழ்நாடு காவல்துறையில் காவலர் வேலைக்கு வரும் ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். எங்கள் பகுதிப் பள்ளி மைதானத்தில் விடிவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும் பையன்களுக்கு இதைத் தாண்டி வேறு வேகக் கணக்கு தேவைப்பட்டதில்லை. அங்கே சுண்ணாம்புக் கோடு போட்ட சுற்று 250 மீட்டர். ஆறு சுற்று ஓட வேண்டும். ஏழு நிமிடம் என்றால் 420 விநாடி, சுற்றுக்கு 70. அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குப் பாடு இன்னும் அதிகம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண், அதாவது சுற்றுக்கு 52 விநாடிக்குள். கழுத்தில் விசிலும் ஸ்டாப்வாட்சும் தொங்க, பி.டி. மாஸ்டர் கோட்டருகே நின்று ஒவ்வொருவனையும் பார்த்து “எழுபத்திரண்டு”, “அறுபத்தொன்பது” என்று கத்துவார். மாநகராட்சிப் பள்ளியில் ஓய்வு பெற்றவர். அந்தப் பையன்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை.

அவர்களுடைய எண் மேலிடத்திலிருந்து வந்துவிட்டது. அதை எட்டினால் வேலை, எட்டாவிட்டால் அடுத்த அறிவிப்பு வரை காத்திருப்பு. ஆடிட்டர் அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்த, நாற்பத்து நான்கு வயதுக்காரியான எனக்கு யாரும் எந்த எண்ணையும் தரவில்லை. சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதால் நடக்கப் போனேன். நடை எப்போது ஓட்டமானது என்று எனக்கே சரியாக நினைவில்லை. பையன்கள் ‘அக்கா’ என்று வழிவிட்டார்கள். மாஸ்டர் முதல் சில மாதம் என்னைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஜனவரியில் மெரினா கடற்கரைச் சாலையில் நடக்கவிருந்த ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னபோதுதான் அவர் முதன்முதலாக என்னிடம் கேள்வி கேட்டார்.

“எவ்ளோ நேரத்துல முடிக்கப் போறீங்க, மேடம்?”

“ஒரு மணி நேரத்துல, மாஸ்டர்.”

“ஏன்?”

அந்த ‘ஏன்’ என்னை யோசிக்க வைத்தது. ஏன் ஒரு மணி நேரம்? பத்து கிலோமீட்டர், அறுபது நிமிடம், கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். ஜிம்மில் ட்ரெட்மில்லில் பத்து என்று வைத்தால் வரும் வேகம் அதுதான். எங்கள் ஓட்டக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ‘சப் 60’ என்று எல்லோரும் சொல்லிக்கொள்வதும் அதைத்தான். கணக்குப் போட எளிதாக இருக்கிறது என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. என் தொழிலில் வவுச்சரில் சரியாக ஐம்பதாயிரம், சரியாக ஒரு லட்சம் என்று முழு எண்கள் வரிசையாக வந்தால் பில்லைக் கொண்டுவாருங்கள் என்று கேட்போம். உண்மையான செலவு 49,370 என்றுதான் வரும். அப்படிக் கேட்டுப் பழகிய நானே பில் இல்லாத முழு எண்ணோடு மாஸ்டர் முன்னால் நின்றேன்.

இந்த மயக்கம் எனக்கு மட்டுமானதல்ல. அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் ஏறத்தாழ ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களை எடுத்து அலசியிருக்கிறார்கள். மூன்று மணி, மூன்றரை, நான்கு மணி என்ற எல்லைகளுக்குச் சற்று முன்னால் முடித்தவர்கள் குவிந்திருக்கிறார்கள், எல்லையைத் தாண்டியதும் கூட்டம் சட்டென்று குறைகிறது. முழு எண்ணைத் துரத்தி கடைசி ஒரு கிலோமீட்டரில் சில விநாடிகளைப் பிடுங்கிவிடலாம் என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன். முதல் கிலோமீட்டரை எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அந்த முழு எண் சொல்லாது.

மாஸ்டருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. “கடியாரத்துக்கு அறுபது புடிக்கும். உங்க காலுக்கு எது புடிக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் சொல்றேன்,” என்றார். பந்தயத்துக்கு நான்கு வாரம் முன்பு, டிசம்பரில், ஐந்து கிலோமீட்டர் முழு மூச்சில் ஓடிக் காட்டச் சொன்னார்.

முந்தின வாரம் பெய்த மழையில் மைதானத்தின் தென்மேற்கு மூலை சேறாகிக் கிடந்தது. அங்கே மட்டும் கோட்டை விட்டு ஓரடி உள்ளே வராமல் ஓட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. “உள்ள வந்தா சுத்து குறையும், கணக்கு பொய்யாப்போகும்.” இருபது சுற்று. என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ஒரு பையன் சுற்று எண்ணினான், இன்னொருவன் நேரம் எழுதினான். முதல் சுற்று 82 விநாடி. பின்னால் யாரோ விரட்டுவது போல ஓடியிருக்கிறேன். ஏழாவது சுற்றிலிருந்து தொண்டை வறண்டது, 89, 90 என்று ஏறியது. பதினைந்தாவது சுற்றில் நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து எண்ணிக்கொண்டிருந்த பையன் “அக்கா, அஞ்சுதான்க்கா” என்றான். கடைசிச் சுற்று மறுபடி 83. மொத்தம் 29 நிமிடம் 10 விநாடி.

செப்டம்பர் புழுக்கத்தில் இதே சோதனையை நானாக ஓடிப் பார்த்தபோது இதைவிட ஒன்றரை நிமிடம் அதிகமாகியிருந்தது. அதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, வானிலையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. சென்னையில் செப்டம்பரில் வியர்வை வழியுமே தவிரக் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இதயம் தோலுக்கும் ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் காலுக்குப் போவது குறைகிறது. அதனால் செப்டம்பர் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டோம். கடைசியாக ஓடியது எதுவோ அதுதான் ஆதாரம் என்பது மாஸ்டரின் கட்சி. போன வருடச் சாதனையைச் சொல்லி வேகம் கேட்பவர்களிடம் அவர் பேசவே மாட்டார்.

அன்று மதியம் அலுவலகத்தில் எக்ஸெல்லைத் திறந்தேன். பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். இன்று இணையத்தில் இருக்கும் ஓட்ட நேரக் கணிப்பான்களில் பலவற்றின் அடியில் அதுதான் இருக்கிறது. தூரம் கூடும்போது நேரம் அதே விகிதத்தில் கூடாது, கொஞ்சம் அதிகமாகவே கூடும். அந்தக் கொஞ்சத்தை அவர் 1.06 என்ற அடுக்காகப் பிடித்தார். இரண்டு தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, ஓடிய நேரத்தால் பெருக்க வேண்டும். ஐந்திலிருந்து பத்துக்குப் போனால் விகிதம் 2. அதை 1.06 அடுக்குக்கு உயர்த்தினால் ஏறக்குறைய 2.085. என் 1750 விநாடியைப் பெருக்கினால் ஏறக்குறைய 3649, அதாவது 60 நிமிடம் 49 விநாடி. நேரத்தை முதலில் விநாடியாக்கிக்கொள்ள வேண்டும். 29.10 என்று தட்டிப் பெருக்கினால் கால்குலேட்டர் அறுபதையும் நூறையும் குழப்பித் தவறான விடையைத் தரும்.

மறுநாள் காலை மாஸ்டரும் கணக்கோடு வந்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், பென்சிலில். “ரெண்டால பெருக்கு. ரெண்டு நிமிஷம் கூட்டு. மெட்ராஸுக்கு அரை நிமிஷம் தனி.” 58:20. அதோடு இரண்டரை நிமிடம். 60:50.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரீகலைப் பற்றிச் சொன்னேன். “அவரும் பி.டி. மாஸ்டரா?” என்று கேட்டார்.

அன்றிரவு அவருடைய வாய்க்கணக்கைச் சரிபார்த்தேன், தொழில்புத்தி விடவில்லை. சூத்திரப்படி கூட்ட வேண்டியது ஐந்து கிலோமீட்டர் நேரத்தில் ஏறக்குறைய எட்டரை சதவீதம். 29 நிமிடத்துக்காரிக்கு அது இரண்டரை நிமிடம். 18 நிமிடத்தில் ஓடும் பையனுக்கு ஒன்றரை நிமிடம்தான், 36 நிமிடத்துக்காரருக்கு மூன்று நிமிடத்துக்கும் மேல். ஆக, மாஸ்டரின் இரண்டரை நிமிடம் என்னைப் போன்றவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். மற்றவர்களுக்கு அவர் தாளில் வேறு எண் எழுதுவார் என்றே நினைக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை.

ஆனால் அந்த 49 விநாடி தொண்டையில் சிக்கிய முள்ளாக உறுத்தியது. 63 நிமிடம் வந்திருந்தால் விட்டிருப்பேன். 60:49 என்றால் யாருக்குத்தான் ஆசை விடும்? ஒரு வாரம் நாங்கள் இருவரும் வாதாடினோம். நான் என் பக்கத்து நியாயங்களை அடுக்கினேன். மைதானம் சேறு, தார்ச்சாலை அப்படி இருக்காது. 250 மீட்டர் சுற்றில் வளைவுகள் இறுக்கமானவை, ஒவ்வொன்றிலும் வேகம் குறையும், கடற்கரைச் சாலை நேர்ச்சாலை. ஜனவரி விடியல் டிசம்பரைவிட இதமாக இருக்கும். கூட்டத்தில் ஓடினால் இழுத்துக்கொண்டு போகும். கடைசி வாரம் ஓட்டத்தைக் குறைத்தால் கால் புதிதாக இருக்கும்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “வாரத்துக்கு எத்தன கிலோமீட்டர் ஓடுறீங்க?” இருபத்தைந்து, நல்ல வாரத்தில். “பத்து கிலோமீட்டர் முழுசா எத்தன தடவ ஓடியிருக்கீங்க?” நான் பதில் சொல்லவில்லை. ரீகலின் அடுக்கு சாதனை நேரங்களிலிருந்து எடுத்தது, நீண்ட தூரத்துக்கும் பழகிய உடம்புகளுடையது. என் போல வாரத்துக்குக் கொஞ்சமாக ஓடுகிறவர்கள் அந்தக் கணிப்பைவிடப் பின்தங்குவதே வழக்கம். என் நியாயங்கள் எல்லாம் சேர்ந்து தரும் லாபம் இந்த ஒரு நஷ்டத்துக்குச் சரியாகப் போய்விடும் என்பது அவர் தீர்ப்பு. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 5 விநாடி. எட்டாவது கிலோமீட்டர் வரை அதை மீறக் கூடாது. “அதுக்கப்புறம் உங்க இஷ்டம், பறந்துக்கங்க.”

ஆறு நிமிடத்துக்கும் ஆறு நிமிடம் ஐந்து விநாடிக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ஓடாத வரை ஒன்றுமில்லைதான். நம் உடம்புக்கு ஒரு விளிம்பு இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் மூச்சு வேகமாக இருந்தாலும் நிலையாக இருக்கும், இரண்டு மூன்று வார்த்தை பேச முடியும். அந்தப் பக்கம் போனால் நிமிடத்துக்கு நிமிடம் கடன் ஏறும், பேச்சு ஒற்றைச் சொல்லாகும். விளிம்பைத் தாண்டி ஐந்து விநாடி வேகமாக முதல் பாதியை ஓடிச் சேமிப்பது 25 விநாடி. இரண்டாம் பாதியில் அதற்கு இரண்டு மூன்று நிமிடம் விலை கொடுத்தவர்களை எங்கள் குழுவிலேயே பார்த்திருக்கிறேன்.

எண் கிடைத்துவிட்டது. ஆனால் 6:05 எப்படி இருக்கும் என்று காலுக்குத் தெரிய வேண்டாமா? எங்கள் மைதானத்தில் அது சுற்றுக்கு 91 விநாடி. வாரம் ஒரு நாள், நான்கு சுற்று அந்த வேகத்தில், ஒரு சுற்று நடை, மறுபடி நான்கு. அப்படி ஐந்து முறை. கைக்கடிகாரம் மறுபடி மாஸ்டர் சட்டைப்பையில். கோட்டைத் தாண்டும்போது நான்தான் விநாடியைச் சொல்ல வேண்டும், அதன் பிறகே பையன் உண்மை நேரத்தைச் சொல்வான்.

முதல் நாள் நான் “தொண்ணூறு” என்றால் அவன் “எண்பத்தஞ்சு, அக்கா” என்பான். “எண்பத்தெட்டு” என்றால் “தொண்ணூத்தாறு.” பையன்களுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. தோற்றால் நான் டீ வாங்கித் தர வேண்டும். அந்த டிசம்பரில் டீக்கடைக்கு நான் கொடுத்த பணத்தைச் சொன்னால் வீட்டில் வம்பு வரும். இரண்டாவது வாரம் ஏதோ ஒன்று பிடிபட்டது. எண்ணுவதில்லை, மூச்சைக் கவனிப்பதும் இல்லை. சேற்று மூலை முதல் நாகலிங்க மரம் வரை எப்போது வந்து சேர்கிறேன் என்று உடம்பே சொல்லத் தொடங்கியது. 91, 92, 91, 90. என் ஊகத்துக்கும் கடிகாரத்துக்கும் ஒரு விநாடிதான் வித்தியாசம். பையன்களின் டீ நின்றது. கணக்கைவிட இந்த வாரங்களுக்குத்தான் அதிக மதிப்பு கொடுப்பேன். கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுத் தரலாம்.

பதிவுப் படிவத்தில் ‘எதிர்பார்க்கும் நேரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை வைத்துத்தான் தொடக்கக் கோட்டில் முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை என்று பிரிக்கிறார்கள். நான் 61 என்று எழுதினேன். குழுவில் ஏறக்குறைய எல்லோரும் 60 அல்லது 55 எழுதினார்கள். அவர்களில் பாதிப் பேர் அதுவரை ஐந்து கிலோமீட்டரைக்கூட நேரம் பார்த்து ஓடியதில்லை.

இன்னொரு சிக்கல் கைக்கடிகாரம். முறையாகச் சான்று பெற்ற சாலைப் பந்தயத்தின் தூரத்தை ஜிபிஎஸ் கொண்டு அளப்பதில்லை. முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற சின்ன எண்ணியைப் பொருத்திய சைக்கிளில், ஓட்டக்காரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய பாதையில், வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டி அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூட்டியும் வைக்கிறார்கள். சூத்திரம் தந்த ரீகல், இப்படிச் சாலைகளை அளக்கும் வேலையிலும் பல ஆண்டுகள் ஈடுபட்டிருந்தவர், அதற்காகவே ஒரு பத்திரிகை நடத்தியவர். நாமோ கூட்டத்தில் இடமும் வலமுமாக விலகி ஓடுகிறோம், வளைவில் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறோம், ஜிபிஎஸ்ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் அலைகிறது. கோட்டைத் தொடும்போது கடிகாரம் பெரும்பாலும் பத்துக்கு மேல் காட்டும். அதனால் கடிகாரம் சொல்லும் வேகம் உண்மையான வேகத்தைவிட நன்றாகத் தெரியும். அந்தப் புகழ்ச்சியை நம்பாமல், கிலோமீட்டர் பலகைகளை மட்டும் நம்பி, முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக்கொண்டேன்: மூன்றுக்கு 18:15, ஐந்துக்கு 30:25, எட்டுக்கு 48:40.

நேப்பியர் பாலத்தருகே தொடக்கம், காமராஜர் சாலை வழியாகத் தெற்கே போய் சாந்தோம் தாண்டித் திரும்பி அதே வழியில் வர வேண்டும். இருட்டு பிரியாத நேரம், ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. விசில் ஊதியதும் முன்னால் நின்றவர்கள் பாய்ந்தார்கள். உழைப்பாளர் சிலையைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே, அறுபது எழுதிய பலர் நடக்கத் தொடங்கியிருந்தார்கள், நான்கு பேர் கைகோத்து, செல்ஃபி எடுத்தபடி. அவர்களைச் சுற்றிச் சுற்றிப் போனதில் முதல் கிலோமீட்டர் 6:14. ஒன்பது விநாடி நஷ்டம். அதை அடுத்த கிலோமீட்டரிலேயே வசூலித்துவிட மனசு துடித்தது. கால் 91இலேயே நின்றது.

தெற்கே போகும்போது முதுகில் லேசாக வாடைக்காற்று. காற்று தள்ளிவிடுவது ஓடுகிறவருக்குத் தெரியாது, இன்று நன்றாக ஓடுகிறோம் என்றுதான் தோன்றும். கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. திரும்பும் இடத்தில் 30:28, முன்கையில் எழுதியதைவிட மூன்று விநாடி அதிகம். திரும்பியதும் அதே காற்று முகத்தில் அடித்தது. உயரமான ஒருவர் சீராக ஓடிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் காந்தி சிலை வரை ஒளிந்துகொண்டே வந்தேன். அவருக்கு என் நன்றி, அவர் யாரென்று தெரியாது. எட்டாவது பலகையில் 48:38. இனி என் இஷ்டம்.

பறக்கவெல்லாம் முடியவில்லை. ஆனால் மற்றவர்கள் குறைந்துகொண்டே வந்த இடத்தில் நான் குறையவில்லை, கடைசி இரண்டு கிலோமீட்டரில் பதினேழு விநாடியும் ஏறினேன். இரண்டாவது முறை உழைப்பாளர் சிலை வந்தபோது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1959இல் வடித்து வைத்த அந்த நான்கு பேரும் இன்னும் கல்லைத்தான் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். சிப் நேரம் 60:31. என் கடிகாரம் 10.14 கிலோமீட்டர், சராசரி 5:58 என்று காட்டியது. அதை நம்பியிருந்தால் ஆறுக்குள் ஓடிவிட்டதாக நினைத்திருப்பேன். உண்மை 6:03. மாஸ்டரின் காலண்டர் தாளுக்கும் எனக்கும் 19 விநாடிதான் வித்தியாசம். அவரிடம் சொன்னபோது, “மெட்ராஸ் அரை நிமிஷத்துல கொஞ்சம் திருப்பிக் குடுத்துடுச்சு போல,” என்றார்.

பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் இரண்டு மூன்று வாரம் முன்பு, பந்தயம் நடக்கும் அதே விடியற்காலை வேளையில், அளந்த ஐந்து கிலோமீட்டரை முழு மூச்சில் ஓடிப் பாருங்கள். வரும் நேரத்தை விநாடியாக்கி 2.085ஆல் பெருக்குங்கள். வாரத்துக்கு முப்பது கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடுகிறவர்கள் அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். வரும் எண் 60:49 ஆக இருந்தாலும் 73:20 ஆக இருந்தாலும் அதையே படிவத்தில் எழுதி, அந்த வரிசையிலேயே நில்லுங்கள். நடப்பதானால் தயவுசெய்து இடது ஓரமாக, இரண்டு பேருக்கு மேல் கைகோக்காமல் நடங்கள்.